தண்ணீர் அண்ணனுக்கு, சக்கரம் நடுப்பிள்ளைக்கு, கல் தம்பிக்கு

லூட்கன்ஹாகன் நாடு எவ்வளவு பெரியது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் நாங்கள் ஒரு மாட்டைக் காட்டிவிடுவோம். பசியுள்ள மாடு காலையில் கிழக்கு எல்லையில் மேயத் தொடங்கினால் மதியத்துக்குள் மேற்கு எல்லையைத் தாண்டிவிடும். பசியில்லாத மாடு என்றால் சாயங்காலம் ஆகும். ஒரு கோட்டை, இரண்டு கிராமம், ஒரு காடு, ஏலர் ஓடையின் மேல் ஒரு மாவு ஆலை. நாடு அவ்வளவுதான். ஆனால் கோமகன்களுக்கு மட்டும் எங்களிடம் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. கோமகனுக்குப் பிறக்கிற ஆண் பிள்ளைகள் எல்லோருமே கோமகன்கள்தான் என்பது சட்டம். பிள்ளைகள் பெருகிய வேகத்துக்கு நாடு பெருகவில்லை. அதற்குச் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது.

கோமகன் வுல்பிராண்ட் மூன்றாவதாகப் பிறந்தார். வாழ்க்கையில் அவர் செய்த முதல் பிழை அது. மூன்றாவது பிள்ளையைத் திருச்சபைக்குக் கொடுத்து ஆயராக்கிவிடுவது வழக்கம் என்பதால் ஏழு வயதில் அவரை மடத்துக்கு அனுப்பினார்கள். பதவியில் இருந்த ஆயருக்கு அப்போதே எழுபது வயது. இன்றோ நாளையோ என்றார்கள். ஆயர் சாக மறுத்தார். இருபது வருடம் காத்திருந்துவிட்டு வுல்பிராண்ட் வீடு திரும்பினார். திரும்பும்போது கோபப்படுவதற்குப் போதுமான இலத்தீன் கற்றிருந்தார்.

அதன்பிறகு அவருக்குப் பெண் பார்த்தார்கள். பக்கத்து நாட்டுப் பிரபுவின் மகள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நடப்பதா, பெண் வீட்டார் முன்னால் நடப்பதா என்ற பேச்சுவார்த்தை பதினோரு வருடம் நடந்தது. இடையில் மணப்பெண் கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே தலைவியும் ஆகிவிட்டார். இப்போதும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வுல்பிராண்டுக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் வரும். "அன்பு மகனே" என்று தொடங்கும்.

இப்படி நாற்பது வயதாகும்போது அவருடைய தகப்பனார், பழைய கோமகன் மாக்னுஸ், குதிரையிலிருந்து விழாமல் இருப்பது எப்படி என்று வேட்டைக்காரர்களுக்குச் செய்துகாட்டும்போது காலமானார். நாட்டைப் பங்கு வைக்க வேண்டிய நாள் வந்தது.

பங்கு வைப்பதில் எங்கள் வழக்கம் எளிமையானது. மூத்தவன் வெட்ட வேண்டும், இளையவன் எடுக்க வேண்டும். மூத்தவர் மூன்று பங்காகப் பிரித்து வைப்பார். கடைசித் தம்பி முதலில் எடுப்பார், நடுப்பிள்ளை அடுத்து, மிஞ்சுவது மூத்தவருக்கு. ஒரு பங்கு கொஞ்சம் பெரிதாகிவிட்டால் தம்பிகள் அதைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே மூத்தவர் தலைமயிர் அளவு பிசகாமல் வெட்டுவார். அப்பத்தைப் பங்கு வைக்க இதைவிட நல்ல வழி உலகில் கிடையாது. நாடு அப்பம் இல்லை என்பது எங்கள் முன்னோர்களுக்குத் தோன்றவில்லை.

மூத்தவர் பெர்ண்ட் பருத்த மனிதர், பயந்த சுபாவம். எங்கே தனக்கு மோசமான பங்கு மிஞ்சிவிடுமோ என்ற பயத்தில் இரண்டு வாரம் தூங்காமல் எல்லாவற்றையும் மூன்றாக வெட்டினார். கோட்டைக் கிணறு: நீர் ஒரு பங்கு, வாளி ஒரு பங்கு, கயிறு ஒரு பங்கு. கோட்டை: சமையலறை ஒரு பங்கு, நிலவறை ஒரு பங்கு, அரியணை இருக்கும் பெரிய கூடம் ஒரு பங்கு. மாவு ஆலை: தண்ணீர், சக்கரம், கல்.

வுல்பிராண்ட் அரியணைக்காகக் கூடத்தை எடுத்தார். அதோடு கயிறும் ஆலைக்கல்லும் வந்தன. நடுப்பிள்ளை எரிச் சமையலறையை எடுத்தார், அதோடு வாளியும் சக்கரமும். பெர்ண்டுக்கு நிலவறையும் கிணற்று நீரும் ஓடைத் தண்ணீரும் மிஞ்சின. மூன்று பேருக்கும் பரம திருப்தி. அரசாங்க எழுத்து வேலையெல்லாம் பார்க்கும் சான்சலர் டெட்மார் எழுந்து பேசினார்.

"இந்தப் பாகப்பிரிவினையில ஒருத்தருக்கும் ஒரு குறையும் வைக்கல. ஒரு பொருளை ஒருத்தர்கிட்ட முழுசாக் கொடுத்தா மத்த ரெண்டு பேரு மனசு நோகும். அதனால எந்தப் பொருளையும் யாருக்கும் முழுசாக் கொடுக்கல. இதுக்குப் பேருதான் நீதி. அதை வெச்சு என்ன பண்றதுன்னு கேக்காதீங்க, அது எங்க துறை இல்ல."

அன்று நவம்பர் பத்து, புனித மார்ட்டீன் திருநாளுக்கு முந்தின நாள். மறுநாள் காலையில் ஆலை நின்றது.

*

ஆலைக்காரன் லூடெக்கே சாதாரண மனிதன். தண்ணீர் விழுந்தால் சக்கரம் சுற்றும், சக்கரம் சுற்றினால் கல் சுற்றும், கல் சுற்றினால் மாவு விழும் என்று முப்பது வருடமாக நம்பி வந்தவன். மதகைத் திறக்கப் போனபோது அதில் மூன்று கோமகன்களின் முத்திரைகளும் தொங்கின. நேராகக் கோட்டைக்குப் போனான்.

கோட்டைக்கு இருந்ததே ஒரே சான்சலர்தான். அவரையும் மூன்றாகப் பிரிக்கலாமா என்று பேச்சு எழுந்தபோது, அது திருச்சபைச் சட்டத்துக்கு விரோதம் என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். அதனால் அவருடைய அறையில் மூன்று மேசைகள் போட்டார்கள். ஒவ்வொரு மேசையும் ஒரு கோமகனின் அரசாங்கம்.

"ஐயா, மதகைத் திறக்கணும்," என்றான் லூடெக்கே.

"தண்ணி மூத்த கோமகனோடது. இது சின்னக் கோமகன் மேசை. அந்த மேசைக்குப் போ."

லூடெக்கே அந்த மேசைக்குப் போனான். டெட்மார் எழுந்து, அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றி வந்து, அந்த மேசையில் உட்கார்ந்தார்.

"யாருப்பா நீ?"

"ஐயா, இப்பத்தானே அங்க பேசிட்டு இருந்தோம்."

"இந்த மேசையில உன்னை முன்னப்பின்ன பாத்ததே இல்ல. விஷயத்தைச் சொல்லு."

மறுபடி சொன்னான். டெட்மார் ஒரு கடிதம் எழுதி, மை காய மணல் தூவி, முத்திரை வைத்து, எழுந்து போய் எரிச்சின் மேசையில் உட்கார்ந்து, அதைப் பிரித்துப் படித்தார். முகம் சிவந்தது.

"என்ன திமிரு பாரு. 'என் தண்ணீர் உன் சக்கரத்தின் மேல் விழ அனுமதிக்கிறேன்'னு எழுதியிருக்காங்க. அனுமதியா? இதுக்குச் சூடா ஒரு பதில் போடறேன்."

"ஐயா, அதை எழுதினது நீங்கதான்."

"நானா எழுதினேன்? எழுதினது அரசாங்கம்பா."

மூன்று அரசாங்கங்களும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால்தான் ஆலை ஓடலாம் என்று கடைசியில் முடிவாயிற்று. லூடெக்கே நன்றி சொல்லித் திரும்பும்போது டெட்மார் கூப்பிட்டார்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. ஆலை ஒரு வருஷமும் ஒரு நாளும் தொடர்ந்து நின்னா ஆலைக்காரன் வீட்டைக் காலி பண்ணணும். பழைய சட்டம்."

"நிறுத்தினது நீங்கதானே ஐயா?"

"யாரு நிறுத்தினதுன்னு சட்டம் கேக்கல. நின்னதான்னுதான் கேக்குது."

"நான் போனதுக்கப்புறம் ஆலையை என்ன செய்வீங்க?"

"விறகா உடைச்சுடுவோம். விறகைச் சமமாப் பங்கு போடறது ரொம்பச் சுலபம்."

லூடெக்கே வீட்டுக்கு வந்து மனைவி கெசெக்கேயிடம் சொன்னான். அவள் முழுத் தானியத்தை வேகவைத்துக்கொண்டிருந்தாள். திருகையில் அரைத்தால் அபராதம். ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்பதும் சட்டம். அதனால் ஊர் முழுக்க அன்றைக்கு அதே சாப்பாடுதான்.

"ஊருல எல்லாரும் என்கிட்ட வந்து மாவு கேக்கறாங்க," என்றாள். "ஆலைக்காரன் பொண்டாட்டின்னு வெளிய சொல்லிக்க முடியல. இன்னும் ஒரு வருஷம் இருக்குன்னு அசந்து உக்காந்துடாதீங்க."

"மூணு பேருமே வேணாம்னு சொல்லல, கெசெக்கே. ஒரே ஒரு கடிதம். எத்தனை நாளாகிடப் போகுது?"

கடிதத்தின் முதல் வரியில் யார் பெயர் முதலில் வருவது என்று முடிவாகக் கிறிஸ்துமஸ் வரை ஆயிற்று. பெயர்களை வட்டமாக எழுதலாம் என்ற யோசனையை மூன்று அரசாங்கங்களும் ஏற்றன. வட்டத்தை எங்கே தொடங்குவது என்று பிறகு பேசினார்கள். ஒரே நேரத்தில் மூன்று பேனாக்களை ஒரே கையில் பிடித்து டெட்மார் அதையும் எழுதி முடித்தார். எழுதி முடித்தபோது வருடம் மாறிவிட்டது.

மாறிவிட்டது என்று சொல்வதும் சரியல்ல. பெர்ண்டின் அரசாங்கத்துக்குக் கிறிஸ்துமஸ் அன்று புது வருடம். எரிச்சின் அரசாங்கத்துக்கு மார்ச் இருபத்தைந்து, மங்கள வார்த்தைத் திருநாளன்று. வுல்பிராண்ட் மடத்தில் படித்தவர், அவருக்கு ஈஸ்டர்தான் புது வருடம்.

"மூத்தவர் கணக்குல இது ஆயிரத்து நானூத்து முப்பத்திரண்டு," என்றார் டெட்மார். "மத்த ரெண்டு பேருக்கும் இன்னும் முப்பத்தொண்ணு. ஒரே கடிதத்துல எப்படிப் போடறது?"

"அப்ப இன்னிக்கு என்ன வருஷம் ஐயா?"

"யாரோட இன்னிக்கு?"

லூடெக்கேவுக்குத் தலை சுற்றியது. ஆலையில் சுற்றாமல் போனதெல்லாம் அவன் தலையில் சுற்றுவதாக ஊரில் சொன்னார்கள்.

*

தவக்காலத்தில் ஒரு நாள் அவன் நேரே கோமகன் வுல்பிராண்டைப் பார்க்கப் போனான். பெரிய கூடத்தில் அரியணையின் மேல் கோமகன் இரண்டு கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பச்சை டர்னிப் கிழங்கைக் கடித்துக்கொண்டிருந்தார். அடுப்பு எரியவில்லை. கணப்படுப்பு அவருடையது, ஆனால் மேலே போகும் புகைக்கூண்டு சமையலறையோடு சேர்ந்து எரிச்சின் பங்குக்குப் போயிருந்தது. புகை அத்துமீறி நுழைவதாக இரண்டு முறை கண்டனக் கடிதம் வந்திருந்தது.

"ரொட்டி கொண்டு வந்திருக்கியா?" என்று கேட்டார் கோமகன்.

"கல்லு ஓடினாத்தானே எசமான் ரொட்டி."

"ஓடட்டுமே. என்னிக்காவது நான் வேணாம்னு சொன்னேனா? சக்கரம் சுத்தாம என் கல்லு எப்படி ஓடும்? அண்ணன் எரிச்சைக் கேளு."

"அவரைக் கேட்டேன் எசமான். தண்ணி விழுந்தா சுத்தட்டும்கிறாரு."

"பெரியண்ணன்?"

"மத்த ரெண்டு பேரும் சம்மதிச்சா தண்ணி விடறேங்கிறாரு."

கோமகன் கடித்துக்கொண்டிருந்த கிழங்கை விட்டார். "அப்ப எல்லாருக்குமே சம்மதம்தான்."

"ஆமாங்க எசமான். அப்புறம் என்ன? போய் மதகைத் திறந்துடவா?"

கோமகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்பளி நழுவியது. "சம்மதம் இருந்தா போதுமா? சம்மதிச்ச உடனே செஞ்சுடறதுக்கு நாங்க என்ன குடியானவங்களா? லூடெக்கே, இருபது வருஷம் ஒரு ஆயர் சாவறதுக்குக் காத்துட்டு இருந்தேன். பதினோரு வருஷம் ஒரு கல்யாணத்துக்குக் காத்துட்டு இருந்தேன். ரெண்டும் நடக்கல. ஆனா ஒரு தடவையாவது நான் முறை தவறினேனா? ஒரு கோமகனுக்கு அதுதான் வாழ்க்கை. பசிக்குதுன்னு முறையை விட்டுட்டா அப்புறம் எனக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

"நான் கணப்பு மூட்டிக் குளிர் காயறேன் எசமான்," என்றான் லூடெக்கே, பணிவாக.

கோமகன் கிழங்கில் பாதியை நீட்டினார். லூடெக்கே வேண்டாம் என்றான்.

*

ஈஸ்டர் வந்தது. மூன்று அரசாங்கங்களும் ஒரே வருடத்தில் வந்து சேர்ந்தன. கடிதம் தயாரானது. கடிதத்தின் கடைசி வரியில், கல் ஓடத் தொடங்குவதை மூன்று கோமகன்களும் நேரில் நின்று பார்க்க வேண்டும் என்றிருந்தது.

மூன்று பேரும் ஊர்வலமாக வந்தார்கள். ஆலைக்கு ஒரே வாசல். குனிந்து ஒருவர்தான் நுழையலாம். மூன்று சமமான கோமகன்கள் அந்த வாசலுக்கு முன்னால் பாதி நாள் நின்றார்கள். யாரும் யாரையும் முந்தக் கூடாது, யாரும் யாருக்கும் வழி விடக் கூடாது. ஊர்ச்சனம் கோதுமைத் தாளைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

"பின்னாடி போய் ஜன்னல் வழியா எட்டிப் பாருங்களேன் எசமான், யாராவது ஒருத்தர்," என்றான் லூடெக்கே.

"ஜன்னல் வழியாக் கோமகன் எட்டிப் பாக்கறதா? அதுக்கு ஒரு முன்னுதாரணம் காட்டு," என்றார் டெட்மார்.

முன்னுதாரணம் இல்லை. ஆலையின் சுவரை இடித்து ஒரே அளவில் மூன்று வாசல்கள் வைக்க உத்தரவாயிற்று. தச்சன் வந்து வேலையை முடிக்க, ஜூன் கடைசியில் வரும் யோவான் திருநாள் தாண்டிவிட்டது. நடுவே கூரை ஒரு முழம் இறங்கியது. "இப்ப வாசல் இருக்கு, ஆலைதான் இல்ல," என்றாள் கெசெக்கே. லூடெக்கே கூரைக்கு முட்டுக் கொடுத்தான்.

மூன்று கோமகன்களும் ஒரே மூச்சில் உள்ளே காலெடுத்து வைத்தார்கள். ஒரே நேரத்தில் மூன்று பேரும் உரையாற்றினார்கள். சொன்னது ஒன்றும் யாருக்கும் கேட்கவில்லை. எல்லாவற்றிலும் அதுவே சிறந்த உரை என்று ஊரில் இன்றும் பேச்சு. பிறகு லூடெக்கே மதகைத் தூக்கினான். தண்ணீர் வந்தது. சக்கரம் முனகிக்கொண்டு அசைந்தது. கல் சுற்றியது. எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு பிடி மாவு மரத்தொட்டியில் விழுந்தது. லூடெக்கே அதைத் தொட்டுப் பார்த்தான். அவன் கண்ணில் நீர் வந்ததை மூன்று கோமகன்களும் கவனிக்கவில்லை. அவர்கள் மாவைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் கல்லுலேர்ந்து விழுந்தது," என்றார் வுல்பிராண்ட்.

"என் சக்கரம் சுத்தாம உன் கல்லு கிழிச்சிருக்கும்," என்றார் எரிச்.

"தம்பிகளா, தண்ணியை நிறுத்தட்டுமா?" என்றார் பெர்ண்ட். நிறுத்தினார். மதகில் மூன்று முத்திரைகளும் மறுபடி தொங்கின.

மறுநாள் போர்ப் பிரகடனம். போர் தொடங்க மூன்று நாள் முன்னால் எதிரிக்கு முறைப்படி கடிதம் கொடுக்க வேண்டும். டெட்மார் மூன்று மேசைகளிலும் மாறிமாறி உட்கார்ந்து ஆறு கடிதம் எழுதி, ஆறையும் தானே பெற்றுக்கொண்டு, ஆறுக்கும் அதிர்ச்சி தெரிவித்தார். கோட்டையில் இருந்த ஆறு வீரர்களில் ஆளுக்கு இரண்டு பேர். முட்டைக்கோஸ் தோட்டத்தில் சண்டை நடந்தது. ஒரு வாத்து இறந்தது. அது யாருடைய வாத்து என்று தெரிந்துகொள்ள எல்லோரும் சண்டையை நிறுத்தினார்கள். வாத்துக்கார இல்செபெ வந்து அதைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். அறுவடை வந்ததால் வீரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சமாதானம் என்று யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அதுவும் கிறிஸ்துமஸ் வரை இழுத்திருக்கும்.

செப்டம்பர் கடைசியில் மிக்கேல் திருநாளும் போயிற்று. யோவான் திருநாளுக்குப் பின் அரைத்தது ஒரு பிடிதானே, அதை அரைத்ததாகக் கணக்கில் கொள்ள முடியாது என்று டெட்மார் சொல்லிவிட்டார். மார்ட்டீன் திருநாளுக்கு இருபது நாள்தான் இருந்தது. லூடெக்கே வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றத் தொடங்கினான்.

"இறக்குங்க," என்றாள் கெசெக்கே.

"இனி யாரைப் போய்ப் பாக்கறது? மூணு பேரையும் பாத்தாச்சு."

"ஆலையைப் பத்தித்தானே பேசினீங்க. ஆலை அவங்களுக்கு எதுக்கு? நான் பெரியவரைப் பாத்துட்டு வர்றேன். அவருதானே வெட்டினவரு."

*

பெர்ண்ட் நிலவறையில் பீர்ப் பீப்பாய்களுக்கு நடுவே இருந்தார். ஒரு வருடத்தில் இளைத்திருந்தார். சமையலறை எரிச்சிடம் போனதிலிருந்து அவர் சூடாக எதையும் சாப்பிடவில்லை.

"பெரிய எசமான்," என்றாள் கெசெக்கே, "பங்கு வெட்டறப்ப என்ன நெனச்சு வெட்டினீங்க?"

"கடைசியில எனக்கு மிஞ்சறது மோசமா இருந்துடக் கூடாதேன்னு."

"அதான் தப்பு. தம்பிங்க எதை எடுப்பாங்களோன்னு பயந்து பயந்து வெட்டினீங்க. அவங்க எதை ஆசைப்பட்டு எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? அதையெல்லாம் ஒதுக்கி ரெண்டு பங்கு போடுங்க. அவங்க சீந்தாததை எல்லாம் மூணாவதுல போடுங்க."

"அவங்க எதைச் சீந்த மாட்டாங்க?"

"பக்கத்துல பெருமை இருந்தா, சமையலறையை," என்றாள் கெசெக்கே.

பெர்ண்டின் வயிறுதான் முதலில் பேசியது.

"மறுபடி பங்கு வெக்கலாமா?" என்று டெட்மாரைக் கூப்பிட்டுக் கேட்டார். டெட்மார் முன்பென்றால் மறுத்திருப்பார். ஆனால் வேகவைத்த தானியத்தில் கிடந்த ஒரு சிறு கல்லால் அந்த வாரம்தான் அவருடைய கடைவாய்ப் பல் உடைந்திருந்தது. கன்னத்தில் துணி கட்டியிருந்தது.

"மூணு பேரும் ஒத்துக்கிட்டா வெக்கலாம்," என்றார், ஒரு பக்க வாயால். "பங்குன்னா வேணாம்னு சொன்ன கோமகனை நான் இன்னும் பாக்கல."

மார்ட்டீன் திருநாளுக்கு முந்தின நாள் கூடத்தில் எல்லோரும் கூடினோம். டெட்மார் படித்தார்.

"முதல் பங்கு. அரியணை, அரசு முத்திரை, குடிமக்கள் வருஷா வருஷம் அரியணைக்குக் கொடுக்கிற காணிக்கைத் தானியம், பேரரசர் சபையில எழுபத்து மூணாவது பெஞ்சுல ஒரு இடம். தூணுக்குப் பின்னாடி இருந்தாலும் அங்கேர்ந்து பேரரசரோட இடது காது நல்லாத் தெரியும்."

வுல்பிராண்ட் தூணைத் தாண்டிப் பார்ப்பதுபோல் கழுத்தை நீட்டினார்.

"ரெண்டாவது பங்கு. நாட்டுக் கொடி, வேட்டைக் கொம்பு, முன்னோர் கல்லறைகள், அதுக்கு வர்ற காணிக்கைத் தானியம். கொள்ளுத்தாத்தாவுக்குப் பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கு."

எரிச் கண்ணை மூடிக்கொண்டார். அந்த இடத்தில் தான் படுத்திருப்பதைக் கற்பனை செய்தார் என்று பிறகு சொன்னார்.

"மூணாவது பங்கு. மற்றவை."

"மற்றவைன்னா?" என்றார் எரிச்.

"மற்றவை," என்றார் டெட்மார். "ரெண்டு கிராமம், காடு, சமையலறை, ஆலை, ஆளுங்க, இந்த மாதிரி."

வுல்பிராண்ட் முதல் பங்கை எடுத்தார். எரிச் இரண்டாவதை எடுத்தார். பிறகு இரண்டு தம்பிகளும் அண்ணனைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தை நாங்கள் அதற்கு முன் கோட்டையில் கண்டதில்லை. வுல்பிராண்ட் எழுந்து வந்து பெர்ண்டைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, கவலைப்படாதீங்க. எழுபத்து மூணாவது பெஞ்சுலேர்ந்து உங்களை நெனச்சுக்குவேன்."

பெர்ண்ட் அதற்குள் சமையலறைப் பக்கம் போய்விட்டார்.

*

மறுநாள் மார்ட்டீன் திருநாள். அதற்கு மறுநாள் விடிந்தால் ஆலை விறகு. லூடெக்கேயும் கெசெக்கேயும் டெட்மாரிடம் ஓடினார்கள். மூன்று மேசைகளில் இரண்டை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"ஐயா, இப்ப ஆலை முழுசும் பெரிய எசமானோடது. ஒரே ஒரு அனுமதிக் கடிதம்," என்றான் லூடெக்கே.

டெட்மார் காகிதத்தை எடுத்தார். எழுதினார். மெழுகை உருக்கினார். முத்திரையைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தார். கை அங்கேயே நின்றது.

"முத்திரை சின்னவரோட பங்குக்குப் போயிடுச்சு," என்றார். "முத்திரை இல்லாம மூத்தவர் எந்தக் கடிதமும் கொடுக்க முடியாது."

"சின்னவர்கிட்ட வாங்கிட்டு வரவா?"

"சின்னவருக்கு ஆலை கிடையாது. தனக்கு இல்லாததுக்கு அவர் எப்படி முத்திரை வெப்பார்?"

லூடெக்கே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப ஆலை ஓடக் கூடாதுங்கிறீங்க."

டெட்மார் கட்டிய கன்னத்தைத் தடவிக்கொண்டார். முப்பது வருடம் அரசாங்கமாக இருந்த மனிதரின் முகத்தில் முதல் தடவையாக ஒரு குழப்பம் தெரிந்தது.

"ஓடக் கூடாதுன்னு சொல்லணும்னாலும் கடிதம் வேணும்," என்றார் மெதுவாக. "அதுக்கும் முத்திரை வேணும். ஓடலாம்னும் சொல்ல முடியாது, ஓடக் கூடாதுன்னும் சொல்ல முடியாது. ஆலையைப் பத்தி இந்த அரசாங்கம் இனிமே ஒண்ணுமே சொல்ல முடியாது. இதுக்கு இலத்தீன்ல வார்த்தையே இல்ல."

"மதகுல தொங்கற பழைய முத்திரைங்க?"

"அது மூணு அரசாங்கத்தோடது. அந்த மூணும் நேத்தோட இல்லாம போச்சு."

"அப்ப நாங்க இப்ப என்ன செய்யணும் ஐயா?"

"என்ன செய்யணும்னு சொல்லவும்..." என்று டெட்மார் தொடங்கினார். கெசெக்கே அதற்குள் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மதியத்துக்குள் ஆலையின் சத்தம் இரண்டு கிராமத்திலும் கேட்டது. எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஆலை வழக்கம் ஒன்று உண்டு. கோமகன்களைவிடப் பழையது. முதலில் வந்தவருக்கு முதலில் அரைக்க வேண்டும். பாதிரியாரானாலும் சரி, பன்றி மேய்ப்பவனானாலும் சரி. அதை மாற்றப் பெர்ண்ட் ஒரு தடவை முயன்றார். "இது என் ஆலை," என்றார். "ஆமாங்க எசமான்," என்றாள் கெசெக்கே, "அப்படின்னு ஒரு கடிதம் கொடுத்தீங்கன்னா செஞ்சுடலாம்." பெர்ண்ட் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

சனிக்கிழமை காலையில் வுல்பிராண்ட் வந்தார். ஆட்கள் எல்லோரும் 'மற்றவை'யில் அண்ணனிடம் போய்விட்டதால் காணிக்கைத் தானியத்தைத் தானே முதுகில் சுமந்து வந்தார். அவருக்கு முன்னால் பன்றி மேய்க்கும் கோர்ட், அடுத்து வாத்துக்கார இல்செபெ. இல்செபெ திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் இடம் போய்விடும் என்று பயம்.

"பின்னாடி யாரு?"

"கோமகன் வுல்பிராண்ட்."

"யாரா இருந்தாலும் மூட்டையை என் கால்மேல வெச்சுடாதீங்க."

அவர் மூட்டையைத் தள்ளி வைத்தார். அப்போது எரிச் இடுப்பில் வேட்டைக் கொம்பு ஆட வந்து சேர்ந்தார். வந்தவர் தம்பியின் தோளைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளிக்கோடா," என்றார், நாற்பது வருடமாகச் சொல்கிற குரலில்.

வுல்பிராண்ட் தள்ளவில்லை. முன்னால் இருப்பவர்களை விரல் விட்டு எண்ணினார். பிறகு தன்னை எண்ணினார். பிறகு அண்ணனை.

"நான் மூணாவது. நீங்க நாலாவது அண்ணே," என்றார்.

எரிச் கெசெக்கேயைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். எரிச் முணுமுணுத்துக்கொண்டு தம்பியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். கோமகன் வுல்பிராண்ட் பிறந்ததிலிருந்து அவர் பின்னால் ஒருவர் நிற்பது அதுவே முதல் தடவை. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார்.

அவருடைய முறை வந்தது. லூடெக்கே மூட்டையை வாங்கிப் பிரித்துக் கல்லில் கொட்டப் போனான். கோமகன் அவன் காதருகே குனிந்தார்.

"அவசரமில்ல," என்றார். "மெதுவா அரை."